52-க்கு 48: ஃபிரிட்ஜ் சொல்லும் கணக்கு

2016 மே மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் மக்கள் வாக்களிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. வெளியேற்றத்துக்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய நைஜல் ஃபராஜ் ஒரு பத்திரிகைப் பேட்டியில், 52-க்கு 48 என்று முடிவு வந்தால் விஷயம் அதோடு முடிந்துவிடாது என்ற பொருளில் பேசினார். தன் தரப்பு தோற்றுவிடும் என்ற கணக்கில் சொன்னது அது. அதே மாதம் வெளியேற்ற ஆதரவாளர் ஒருவர் நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனுவைத் தொடங்கினார். வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இருந்து, வென்ற தரப்பும் 60 சதவீதத்தைத் தொடவில்லை என்றால், மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டுமாம். அவருக்கும் தோல்வி பயம்தான்.

ஜூன் 23 அன்று வாக்குப்பதிவு நடந்தது. முடிவு 51.9-க்கு 48.1. ஃபராஜ் சொன்ன அதே 52-க்கு 48, ஆனால் தலைகீழாக. வெளியேறச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர், நீடிக்கச் சொன்னவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். அப்புறம் அந்த மனுவில் கையெழுத்துப் போட எதிர்த்தரப்பு முண்டியடித்தது. எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியது. தன் மனுவை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அதைத் தொடங்கியவரே புலம்பும்படி ஆயிற்று.

மறுவாக்கெடுப்பு என்ற யோசனை எப்போதும் தோற்றவருக்குத்தான் பிடிக்கும். அதனால் யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, பொது வாக்கெடுப்பை ஓர் அளவுகருவியாகப் பார்ப்போம். அது எதை அளக்கிறது? எப்போது தடுமாறுகிறது? ஒருமுறை அளந்ததை எப்போது மறுபடி அளக்கலாம்?

முதல் சிக்கல் வாக்குச்சீட்டிலேயே இருந்தது. ‘நீடித்தல்’ என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஒரு நிலை. ‘வெளியேறுதல்’ அப்படி இல்லை, அது ஒரு மூட்டை. உள்ளே நார்வே போல ஐரோப்பியச் சந்தையோடு ஒட்டிக்கொண்டிருப்பது, தங்களுக்குள் சுங்கவரி போட்டுக்கொள்ளாத சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பது, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வெட்டிக்கொண்டு போவது என்று பல வழிகள். மூட்டையை அவிழ்க்காமலேயே மக்கள் அதற்கு வாக்களித்தார்கள். அவிழ்க்கும் வேலை நாடாளுமன்றத்தின் தலையில் விழுந்தது.

நடந்தது என்ன என்று பாருங்கள். பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019-இல் மூன்று முறை தோற்றது. ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசம், மார்ச் மாதத்தில் 149, அதே மாதக் கடைசியில் 58. சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பதுபோல, மார்ச் 27 அன்று எட்டு யோசனைகள் உறுப்பினர்கள் முன் வைக்கப்பட்டன. எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு. அவையும் தோற்றன. சுங்க ஒன்றிய யோசனை வெறும் மூன்று வாக்கில் போனது, 273-க்கு 276. ஒப்பந்தத்தை மக்களிடமே கேட்டுவிடலாம் என்ற யோசனைக்கு 280 ஆதரவு, 292 எதிர்ப்பு.

உறுப்பினர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உலகமே சிரித்தது. கணிதம் தெரிந்தவர்கள் அவ்வளவாகச் சிரித்திருக்க மாட்டார்கள். 1785-இலேயே பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்செ இந்தச் சுழலைக் காட்டிவிட்டார்.

சம அளவுள்ள மூன்று கூட்டங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு நீடித்தல்தான் முதல் விருப்பம். அது இல்லையென்றால் ஒப்பந்தத்தோடு வெளியேறலாம், ஒப்பந்தமில்லாமல் போவது ஆகவே ஆகாது. இரண்டாம் கூட்டத்துக்கு ஒப்பந்தம் முதலில், ஒப்பந்தமில்லா வெளியேற்றம் அடுத்து, நீடித்தல் கடைசி. மூன்றாம் கூட்டத்துக்கு அரைகுறை பிடிக்காது. சுத்தமாக வெட்டிக்கொண்டு போவோம், முடியாவிட்டால் உள்ளேயே இருந்து தொலைவோம், விதிகளை வகுப்பதில் குரல் இல்லாமல் அவற்றுக்குத் தலையாட்ட மட்டும் சொல்லும் அந்த ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம் என்பார்கள். (இப்படிப் பேசியவர்கள் ஆளுங்கட்சியிலேயே இருந்தார்கள்.)

இப்போது இரண்டிரண்டாக மோதவிடுங்கள். நீடித்தலா, ஒப்பந்தமா? முதல் கூட்டமும் மூன்றாம் கூட்டமும் சேர்ந்து நீடித்தலை ஜெயிக்க வைக்கும். ஒப்பந்தமா, ஒப்பந்தமில்லா வெளியேற்றமா? முதலும் இரண்டும் சேர, ஒப்பந்தம் ஜெயிக்கும். அப்படியானால் ஒப்பந்தமில்லா வெளியேற்றத்தை நீடித்தல் சுலபமாக வீழ்த்த வேண்டுமே? வீழ்த்தாது. இரண்டாம் கூட்டமும் மூன்றாம் கூட்டமும் வெளியேற்றத்துக்குப் போடும். கல், காகிதம், கத்தரி விளையாட்டேதான். ஒவ்வொரு மனிதருடைய விருப்பமும் தெளிவாக இருக்கிறது, கூட்டிப் பார்த்தால் மட்டும் தலை எது, வால் எது என்று தெரியவில்லை. எந்த இரண்டை முதலில் மோதவிடுகிறோம் என்பதே வெற்றியாளரைத் தீர்மானித்துவிடும். பிரிட்டன் மக்கள் சரியாக இப்படித்தான் பிரிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. மூன்று வழிகள் இருக்கும் இடத்தில் இரண்டை மட்டும் அச்சடித்தால், வரும் விடையில் சீட்டை அச்சடித்தவரின் கையும் கொஞ்சம் இருக்கும். முதல் வாக்கெடுப்புக்கு இது எவ்வளவு பொருந்துமோ, மறுவாக்கெடுப்புக்கும் அவ்வளவு பொருந்தும்.

இரண்டாவது சிக்கல், வெற்றிக் கோட்டை எந்தச் சதவீதத்தில் போடுவது என்பது. இதற்குத்தான் ஃபிரிட்ஜ்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜை 4 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். 4-க்கு ஒரு மயிரிழை மேலே போனால் கம்ப்ரஸர் ஓட வேண்டும், மயிரிழை கீழே வந்தால் நிற்க வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டை அமைத்தால் என்ன ஆகும்? நிமிடத்துக்குப் பத்து முறை ஓடி ஓடி நிற்கும், சீக்கிரமே கம்ப்ரஸர் புகைந்துவிடும். அதனால் இரண்டு கோடுகள் போடுகிறார்கள். உதாரணமாக 6-ஐத் தாண்டினால் ஓடு, 2-க்குக் கீழே வந்தால் நில். இடையில் இருக்கும்வரை, எந்த நிலையில் இருந்தாயோ அதிலேயே இரு. பிளஸ் டூ இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்திருப்பீர்களே, அந்தத் தயக்கம்தான் இது.

நாட்டுக்கும் இப்படி ஒரு தயக்கம் தேவைப்படுகிறது. 52-க்கு 48-ஐ வைத்து வெளியேறி, அடுத்த ஆண்டு 48-க்கு 52-ஐ வைத்துத் திரும்பி, மறுபடி வெளியேறினால் கம்ப்ரஸர் கதிதான். ஆனால் தயக்கத்துக்கும் விலை உண்டு. 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதமாவது ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கிடைத்தது 32.9 சதவீதம். பெரும்பான்மை கேட்டும் கிடைக்கவில்லை. 1997-இல் மறுபடி கேட்டபோது 74.3 சதவீதம் ஆதரவு வந்தது. இடையில் போனது 18 ஆண்டுகள்.

அந்த 40 சதவீத விதி 2016-இல் இருந்திருந்தால் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். வெளியேற்றத்துக்கு வாக்களித்தவர்கள் மொத்த வாக்காளர்களில் 37.4 சதவீதம்தான். பிரெக்ஸிட் நடந்தே இருக்காது. ஆனால் 2015-இல் இயற்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் எந்த வரம்பும் இல்லை, முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவும் இல்லை. தெர்மோஸ்டாட்டே வைக்காமல் ஃபிரிட்ஜை விற்ற கதை. ஆட்டம் முடிந்தபிறகு கோல் கம்பத்தை நகர்த்தச் சொல்லிக் கையெழுத்து குவிந்த அந்த மனு எடுபடாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

சரி, மறுபடி கேட்ட நாடுகளில் என்ன நடந்தது? அயர்லாந்தின் எண்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை 2001 ஜூனில் அயர்லாந்து மக்கள் 54 சதவீத வாக்கோடு நிராகரித்தார்கள். அரசு 2002 அக்டோபரில் மறுபடி கேட்டது. 63 சதவீத ஆதரவோடு ஒப்பந்தம் தேறியது. மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வாக்குகளை எண்ணிப் பாருங்கள். முதல் தடவை ‘வேண்டாம்’ என்றவர்கள் 5,29,478 பேர். இரண்டாம் தடவை 5,34,887 பேர். குறையவே இல்லை, ஐயாயிரம் கூடியிருக்கிறது! ‘வேண்டும்’ என்றவர்கள்தான் 4,53,461-இலிருந்து 9,06,317 ஆனார்கள், கிட்டத்தட்ட அப்படியே இரு மடங்கு. முதல் தடவை வாக்குப்பதிவு 35 சதவீதம்தான். வீட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், அவ்வளவுதான்.

அயர்லாந்து இதேபோல இரண்டு முறை வாக்களித்த இன்னோர் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தத்தின் கதை வேறு. 2008-இல் 8,62,415 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள், 2009-இல் அது 5,94,606 ஆனது. இங்கே நிஜமாகவே பலர் மனம் மாறியிருக்கிறார்கள். இடையில் வங்கிகள் ஆட்டம் கண்டன, அயர்லாந்தின் நடுநிலை, வரி, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் ஐரோப்பா கை வைக்காது என்று உத்தரவாதமும் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தலைகீழ் முடிவுகள். உள்ளே ஒன்று அளவீட்டுக் குறை, மற்றது அளக்கப்பட்ட பொருளே மாறியது.

கேட்டபோது கொடுத்த தகவலே தப்பாக இருந்தால்? 2016 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தில், கல்யாணம் ஆனவர்கள் கூடுதல் வரி கட்டுவதை நிறுத்த வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு. 50.8 சதவீதம் ‘வேண்டாம்’. இருவரும் சம்பாதிக்கும் தம்பதிகளில் 80,000 ஜோடிகளுக்குத்தான் பாதிப்பு என்று வாக்கெடுப்பின்போது அரசு சொல்லியிருந்தது. பிறகு தெரிந்த எண் 4,54,000. 2019 ஏப்ரலில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே ரத்து செய்தது. நாடு முழுக்க நடந்த ஒரு வாக்கெடுப்பை அந்த நாட்டில் நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை. வித்தியாசம் மிகக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். தராசு கோணலாக இருந்து, எடையும் நூலிழையில் முடிந்திருந்தால் மறுபடி நிறுக்கத்தான் வேண்டும்.

மக்கள் சொன்னதைக் கேட்காமலேயே விட்ட நாடும் உண்டு. சுவீடனில் 1955-இல் இடப்பக்கப் போக்குவரத்தை வலப்பக்கமாக மாற்றலாமா என்று கேட்டதற்கு, 83 சதவீதம் பேர் இடப்பக்கமே இருக்கட்டும் என்றார்கள். 1963-இல் நாடாளுமன்றம் அதை மீறி முடிவெடுத்து, 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாட்டையே வலப்பக்கம் நகர்த்திவிட்டது. அண்டை நாடுகள் வலப்பக்கம் ஓட்டின, சுவீடன் கார்களிலேயே பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருந்தது. மறுவாக்கெடுப்பே இல்லை! சாலை விதியில் இது செல்லுபடியாகலாம். ஒரு நாடு யாரோடு சேர்ந்திருப்பது என்ற கேள்வியில் இதைச் செய்யத் துணிவது விவேகம் இல்லை என்பது என் எண்ணம்.

தேர்தலுக்கு இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? அதன் முதுகிலேயே காலாவதித் தேதி அச்சடித்திருக்கிறது. ஐந்தாண்டு கழித்து மறுபடி கேட்பார்கள் என்பதால் தோற்றவர் பொறுத்துக்கொள்கிறார். பொது வாக்கெடுப்புக்கு அப்படித் தேதி கிடையாது. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று இதையே திருப்பிப் போட்டார்கள். தேர்தல் நடத்தாமலேயே நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டலாமா என்று மக்களிடம் கேட்டு, 54.7 சதவீத ஆதரவோடு நீட்டிக்கொண்டார்கள். காலாவதி இல்லாத கருவியை வைத்துக் காலாவதித் தேதியையே அழித்த கதை. யாழ்ப்பாணம் பெருவாரியாக ‘வேண்டாம்’ என்றது, பயன் இல்லை.

பிரிட்டனும் முதல் முறையாகக் கேட்கவில்லை. 1975 ஜூன் 5 அன்று இதே கேள்விக்கு 67.2 சதவீதம் பேர் நீடிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். 2016 வாக்கெடுப்பே அந்த முடிவைத் திருப்பிப்போட்டதுதான். 2016-இல் 59 வயதுக்குக் குறைந்த யாரும் 1975-இல் வாக்களித்திருக்க முடியாது என்பதால், 41 ஆண்டு கழித்துக் கேட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டு கழித்து, மூட்டை அவிழ்ந்து உள்ளே இருப்பது தெரிந்தபிறகு, ‘இந்த ஒப்பந்தமா, இருந்த இடமா’ என்று கேட்டிருந்தாலும் தப்பு இல்லை. நியூசிலாந்து தன் தேர்தல் முறையை மாற்ற 1992-இல் ஒரு முறையும் 1993-இல் ஒரு முறையும் மக்களிடம் கேட்டது. முதலில் மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் எது என்று கேட்டு, அதில் வென்ற முறையைப் பழையதோடு மோதவிட்டார்கள். இரண்டு கட்டம் என்பது முன்பே திட்டமிட்டது, அதனால் இரண்டாவதைத் துரோகம் என்று யாரும் தூற்ற வழி இல்லை. பிரிட்டன் அந்த இரண்டாம் கட்டத்தை 2015-இல் எழுதிவைக்க மறந்தது. 2019-இல் எழுதப் போனபோது அது தோற்றவர் கேட்கும் சலுகையாகத் தெரிந்தது.

கதவு அப்போதும் திறந்துதான் இருந்தது. பிரிட்டன் தானாகவே, யாரையும் கேட்காமல் வெளியேற்ற அறிவிப்பைத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருந்தது. 2020 ஜனவரி 31 நள்ளிரவில் ஐரோப்பியக் கடிகாரங்கள் 12 காட்டியபோது, லண்டனில் இரவு 11 மணி, அந்தக் கதவு மூடியது.

காந்தத் தயக்கத்தைப் படித்தவர்களுக்கு மிச்சம் புரியும். இரும்பைச் சுற்றிய கம்பிச் சுருளில் மின்சாரத்தைக் கூட்டினால் இரும்பு காந்தமாகும். மின்சாரத்தைச் சுழியாக்கினாலும் காந்தத்தன்மை சுழியாவதில்லை, போன பாதையும் திரும்பும் பாதையும் வேறு வேறு. பிரிட்டன் உள்ளே இருந்தவரை யூரோ நாணயத்திலிருந்து விலக்கு இருந்தது, எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் ஏற்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது, 1984-இல் மார்கரெட் தாட்சர் போராடி வாங்கிய சந்தாத் தள்ளுபடியும் இருந்தது. இன்று நூற்றுக்கு எழுபது பேர் திரும்பிப் போவோம் என்று வாக்களித்தாலும், அது பழைய முடிவை ரத்து செய்வதாக இருக்காது. புதிதாக விண்ணப்பம் போட்டு, 27 நாடுகளும் சம்மதித்தபிறகு, வரிசையில் கடைசியாக நிற்பதாகத்தான் இருக்கும். அந்த மூன்று சலுகைகளும் விண்ணப்பப் படிவத்தில் இல்லை.