அழல் இல்லாத அழற்சி

மெய்ப்புத் திருத்த வந்த துண்டறிக்கை ஒன்றில் இப்படி ஒரு வரி: “பாக்டீரியா யோனி அழற்சியில் பெரும்பாலும் அழற்சி காணப்படாது.” எழுதியவருக்கு எதுவும் உறுத்தவில்லை. நான்தான் பேனாவை மூடிவிட்டு மறுபடி படித்தேன். மருத்துவப்படி வரி சரி. பெயர்தான் தப்பு. இதே தப்பை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மூலப்பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். வஜைனா லத்தீனில் வாளுறை. ‘ஓசிஸ்’ கிரேக்க ஒட்டு. ஒரு நிலையை, பெரும்பாலும் கோளாறான நிலையைச் சொல்வது. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால்தான் அழற்சி. 1955இல் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கோளாறைத் தனியாக விவரித்த காலத்தில் இதுவும் ‘வஜைனைட்டிஸ்’தான். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, கசிவில் வெள்ளணுக்களும் பெருகவில்லை என்பதால் 1980களில் யோசித்துப் பெயரை மாற்றினார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையைத் தேடி எடுத்து நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

அழற்சி அழலில் பிறந்த சொல். சிவந்து, வீங்கி, சுட்டு, வலிப்பதற்கு அதைவிட நல்ல தமிழ் கிடையாது. அதனால்தான் கண்ட இடத்தில் இறைக்கக் கூடாது என்கிறேன்.

நடப்பது வேறு. யோனியில் இயல்பாகவே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைப் பெரும்பாலும் பி.எச். 4.5க்குள் (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) வைத்திருக்கின்றன. அவை குறையும்போது, ஓரமாகக் கிடந்த கார்ட்னரெல்லாவும் ஆக்சிஜன் வேண்டாத வேறு பல பாக்டீரியாக்களும் பெருகிவிடுகின்றன. சாம்பல் கலந்த வெள்ளையில் நீர்த்த கசிவு, மீன் வாடை. அறிகுறியே இல்லாதவர்களும் நிறைய. நுண்ணோக்கியில் பார்த்தால் யோனிச் சுவரிலிருந்து உதிர்ந்த செல்லின் மேல் பாக்டீரியாக்கள் பொடி தூவியதுபோல் அப்பியிருக்கும். செல்லின் விளிம்பே தெரியாது. இதற்குத் ‘துப்பு செல்’ என்று பெயர். (உமிழ்வது அல்ல, துப்பறிவது. இதையும் விளக்க வேண்டியிருக்கிறது.) 1983இல் ஆம்செல் குழுவினர் வகுத்த நான்கு அடையாளங்களில் இது ஒன்று, மூன்று பொருந்தினால் நோய் உறுதி. அந்த நான்கில் அழற்சி இல்லை.

சரி, ‘தொற்று’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். இது அழற்சியைவிட மோசம். தொற்று என்றதும் ‘யாரிடமிருந்து?’ என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடும். உடலுறவு இதில் தொடர்பே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. புதிய துணையோ பல துணைகளோ இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் உடலுறவே கொள்ளாதவர்களுக்கும் சில வேளை இது வருகிறது. ஒரு பெண்ணின் நடத்தைக்குச் சான்றிதழ் வழங்கும் வேலையை நோய்ப்பெயர் செய்யக் கூடாது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘புணர்புழை நுண்மி நோய்’ என்று எழுதுவதையும் கண்டேன். நானும் தமிழ்ச்சொல் பித்தன்தான். இருந்தாலும் புணர்புழை என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. பிள்ளை பிறக்கும் வழி, மாதவிலக்கு வெளியேறும் வழி. அதைப் புணர்ச்சி ஒன்றால் மட்டும் பெயரிடுவது, வாளுறை என்ற லத்தீன்காரனின் பார்வையையே தமிழில் பெயர்த்ததாகும். யோனி வடசொல்லானாலும் தோன்றுமிடம் என்று பொருள் தருகிறது; இருக்கட்டும். நுண்மி என்றால் பூஞ்சையும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பூஞ்சையால் வருவது வேறு நோய்: அரிப்பு, திரிதிரியாகக் கெட்டியான கசிவு, வேறு மருந்து. எனவே பாக்டீரியாவும் இருக்கட்டும்.

என் பரிந்துரை: யோனிப் பாக்டீரியாச் சமன்குலைவு. நீளம்தான். ஆனால் படித்தவுடன் என்ன குலைந்தது, எங்கே குலைந்தது என்று தெரிகிறது. வெறுமனே ‘வெள்ளைப்படுதல்’ என்று எழுதுவோருக்கு ஒரு சொல்: அது அறிகுறி, நோயல்ல, நலமாக உள்ள பெண்ணுக்கும் வெள்ளைப்படும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மருந்துக்கடைக்குப் போய் நிற்க வேண்டும். அழற்சி என்று படித்தவர் எரிச்சல் இல்லையே என்று சும்மா இருப்பார். தொற்று என்று படித்தவர் சோப்பும் வாசனைத் திரவமும் வாங்கி உள்ளே கழுவுவார். மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போகும். சமன் குலைந்தது என்று புரிந்தவர்தான் கழுவாமல் மருத்துவரிடம் போவார். அவர் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் 500 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருவேளை, வேளைக்கு ஒன்றாக ஏழு நாள் தருவார். இல்லையென்றால் உள்ளே இடும் மெட்ரோனிடசோல் ஜெல் அல்லது கிளின்டாமைசின் களிம்பு. வாடை போய்விட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. ஓராண்டுக்குள் திரும்பி வருவதும் சாதாரணம். கருவுற்றிருக்கும்போது இது குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது என்பதால் அப்போது அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது.

துண்டறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் வரி மாறியிருந்தது: “பாக்டீரியா யோனி அழற்சியில் பெரும்பாலும் சமன்குலைவு காணப்படாது.” அழற்சி என்ற சொல்லை ஓரிடத்தில் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், மாற்றக் கூடாத இடத்தில்.