மண்துகள் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது?

வட சீனாவின் லுவோச்சுவான் பகுதியில் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கினால், 100 மீட்டருக்கும் மேல் தடிமனான மண் அடுக்குகளைப் பார்க்கலாம். மஞ்சள் பட்டை, அதன்கீழ் செம்பழுப்பு, மறுபடி மஞ்சள். அத்தனையும் வடமேற்குப் பாலைவனங்களிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த தூசி. பள்ளியில் காற்றடி வண்டல் என்று படித்தோமே, அதுதான்.

பனியுகத்தில் சைபீரியக் குளிர்காற்று பலமாக வீச, தூசி மளமளவென்று சேர்ந்தது மஞ்சள் பட்டை. வெப்பக் காலத்தில் கோடைப் பருவமழை உள்ளே வரை எட்டியது. தூசி குறைந்து, புல் முளைத்து, மண் செம்பழுப்பானது. சரி, எந்தப் பட்டை எந்தக் காலத்தியது?

பதில் தூசியிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகளுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் விடும் கதிர்வீச்சால், படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் எலக்ட்ரான்கள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. வெயில் பட்டால் அவை விடுபட்டுக் கணக்கு பூஜ்ஜியமாகிவிடும். புதைந்த பிறகு மறுபடி சேரத் தொடங்கும். ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் அவை விடுபட, துகள் மங்கலாக ஒளிரும். அதைக்கொண்டு வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். 1985-இல் கனடாவில் டேவிட் ஹன்ட்லி குழுவினர் காட்டிய வழி இது.

மாதிரி எடுக்கும்போது ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. இரும்புக் குழாயை மண்சுவருக்குள் அடித்து இறக்கி, இரு முனையையும் அடைத்து, ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். வெயில்பட்ட முனை மண்ணும் வீணாகாது. கதிரியக்கத்தை அளக்க உதவும்.

அப்புறம் ஒரு வகுத்தல்தான். துகள் வாங்கியது 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் என்றால், வயது 20,000 ஆண்டு. என்னைக் கேட்டால் வில்லங்கம் அந்த 3-இல்தான். மண்ணிலுள்ள ஈரம் கதிர்வீச்சில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இன்றைய ஈரத்தை அளக்கலாம். 20,000 ஆண்டுச் சராசரி ஈரத்தை ஊகிக்கத்தான் முடியும். ஈரத்தைக் குறைவாக வைத்துக் கணக்கிட்டால், வயதும் குறைவாகவே வரும்.

இன்னொரு தடை: சுமார் 50,000 முதல் 70,000 ஆண்டுக்குள் குவார்ட்ஸில் எலக்ட்ரான் சிக்கும் இடங்கள் நிரம்பிவிடுகின்றன. ஃபெல்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் இன்னும் சில மடங்கு தாங்கும். அதற்கும் கீழே காந்தம்தான் கதி. தூசியிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைப் பதிந்து வைத்திருக்கின்றன. 1982-இல் ஃப்ரீட்ரிச் ஹெல்லரும் லியு துங்ஷெங்கும் லுவோச்சுவானில் இதை அளந்தார்கள். சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காந்த முனைகள் இடம் மாறிய தடம் அங்கே இருக்கிறது. இன்றைய கணக்கில் அடிப்பட்டையின் வயது சுமார் 26 லட்சம் ஆண்டு.

இப்படித் தேதி தெரிந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தூசி ஒரே சீராகப் படிந்தது என்றுதான் வெகுகாலம் கணக்குப் போட்டார்கள். மேல் பட்டைகளை நெருக்கமாக ஒளி முறையில் அளந்தபோது, சில இடங்களில் படிவு வேகம் ஏறி இறங்கியிருப்பதும், நடுவே சில ஆயிரம் ஆண்டுகளே காணாமல் போயிருப்பதும் தெரிந்தன.