முக்காலிக்கு எத்தனை கால்?

வயிற்றுத் தமனிகளுக்குப் பாடநூல்களில் வழக்கமாக ஒரே படம்தான். பெருந்தமனி உதரவிதானத்தைத் தாண்டி இறங்கியதும் முன்பக்கமாக ஒரு குட்டைக் கிளையை விடும். அதுதான் சீலியாக் தண்டு. ஓரிரு சென்டிமீட்டருக்குள் அது மூன்றாகப் பிரிந்து இரைப்பை, மண்ணீரல், கல்லீரல் பக்கம் போய்விடும். சுவிஸ் மருத்துவர் ஹாலரின் பெயரால் இதை ‘ஹாலரின் முக்காலி’ என்பார்கள். சற்றுக் கீழே கிளம்பும் மேல் மெசென்டெரிக் தமனி, அதாவது குடல் தமனி, குடலைக் கவனித்துக்கொள்ளும்.

படம் அழகுதான், வயிற்றைத் திறந்தால்தான் சிக்கல். 1955இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் மைக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்ததில், கல்லீரல் தமனி படத்தில் உள்ளபடி இருந்தது சுமார் 55 சதவீதத்தில்தான். 1994இல் மாற்று அறுவைக்கு எடுத்த 1000 கல்லீரல்களைப் பார்த்தபோது 757. எந்தக் கணக்கை எடுத்தாலும் கிட்டத்தட்ட நாலில் ஒருவராவது படத்துக்கு வெளியேதான்.

ஏன் இப்படி? கருவில் முதலில் பெருந்தமனியிலிருந்து நான்கு வேர்கள் வரிசையாக முளைக்கின்றன. ஏணியின் பக்கச் சட்டம் போல ஒரு குழாய் அவற்றின் முன்பக்கத்தை இணைக்கிறது. பிறகு நடுவில் இருக்கும் இரண்டு வேர்களும் மறைந்துவிடும். மூன்றாம், நான்காம் வேர்களுக்கிடையே சட்டமும் அறுந்துபோகும். மேலே சீலியாக், கீழே மெசென்டெரிக் என்று பங்கு பிரிந்தாயிற்று. 1904இல் ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் டாண்ட்லர் தந்த விளக்கம் இது. அறுபடும் இடம் கொஞ்சம் மேலே ஏறினால், கல்லீரலுக்கான கிளை குடல் தமனியின் பங்காகிவிடும். அறுபடாமலே இருந்து ஒரு வேர் மட்டும் மிஞ்சினால், எல்லாம் ஒரே தண்டிலிருந்து கிளம்பும். இது அபூர்வம்.

இதனால் ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ரத்தம் எந்த வழியில் வந்தால் கல்லீரலுக்கு என்ன? கத்தி வைக்கும்போதுதான் வினை. வலது கல்லீரல் தமனி குடல் தமனியிலிருந்து கிளம்பினால், பெரும்பாலும் கணையத் தலைக்குப் பின்னால் ஏறி வரும். கணையப் புற்றுக்காக வெட்டி எடுப்பதும் அந்தத் தலையைத்தான். அதனால் அறுவை மருத்துவர் முன்கூட்டியே சி.டி. படத்தைப் பார்த்துவைப்பார். அப்புறம் மேசையில், கல்லீரலுக்குக் கீழே உள்ள இடுக்கில் விரலை விட்டுத் தடவுவார். வழக்கமாகத் துடிப்பு முன்பக்கம், இடது ஓரமாகத் தட்டுப்படும். பித்தநாளத்துக்குப் பின்னால் வலப்பக்கமும் ஒன்று துடித்தால், கத்தியை நிறுத்திவிட்டு முதலில் அந்தத் தமனியைத் தேடிப் பிரித்தெடுப்பார்.