படகுப் பாலிசி: பிரீமியத்துக்கு முன் பேச வேண்டியவை

பினாங்கில் புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கார் காப்புறுதி எடுத்த பழக்கத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். "பிரீமியம் எவ்வளவுண்ணே?" அதுதான் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது வேறு: படகை எங்கே கட்டுவீங்க, எதுவரை போவீங்க, யாரை ஏத்துவீங்க?

எங்கே கட்டுகிறீர்கள் என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. உல்லாசப் படகுப் பாலிசிகள் பலவற்றுக்கு 1985-ஆம் ஆண்டின் 'இன்ஸ்டிடியூட் யாட் கிளாசஸ்' விதிகள்தான் அடிப்படை. அதில் வேகப்படகுக்குத் தனிப் பிரிவு உண்டு. மணிக்கு 17 கடல்மைல், கிலோமீட்டரில் ஏறக்குறைய 31, அல்லது அதற்கு மேல் ஓடும்படி வடிவமைத்த படகுகளுக்கு அது பொருந்தும். "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்பதெல்லாம் எடுபடாது. பத்து ஃபிரிங்கி கடற்கரை மாதிரி திறந்த கரையோரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, காவலுக்கு ஆள் வைக்காமல் எல்லாரும் சாப்பிடப் போகிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரம் சுமத்ரா காற்று என்கிற திடீர்ப் புயற்காற்று அடித்துப் படகு மூழ்கினாலோ, தரைதட்டினாலோ, கயிறு அறுத்துக்கொண்டு போனாலோ அந்தப் பிரிவின்படி இழப்பீடு கிடையாது. மரினாவுக்கு, அதாவது பாதுகாப்பான படகுத்துறைக்கு, கட்டும் வாடகை வீண் என்று புலம்புகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டுகிற எஞ்சின். வழக்கமான திருகோடு கூடுதலாகத் திருட்டுத் தடுப்புப் பூட்டும் போட்டுப் படகோடு பிணைத்திருந்தால்தான், அது களவுபோனால் பணம் வரும். பூட்டு மாட்டிய நிலையில், எஞ்சின் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துரு, தேய்மானம், பராமரிக்காமல் விட்ட பழுது எதற்கும் காப்புறுதி இல்லை. அதில் பேரம் பேசிப் பயனில்லை.

பிறருக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். மூழ்கிய படகை அப்புறப்படுத்தச் சொன்னால் அந்தச் செலவும் இதிலிருந்துதான் வர வேண்டும். படகு போனாலும் செலவு போகாது.

விண்ணப்பத்தில் கேட்டதற்கு உள்ளபடி பதில் எழுதுங்கள்; 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் அந்தக் கவனத்தை உங்களிடம் எதிர்பார்க்கிறது. லங்காவி தாண்டி ஃபூக்கெட் வரை போகிற எண்ணம் இருந்தால், பாலிசியின் கடல் எல்லை அதுவரை நீள்கிறதா என்று முன்பே பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் காசு வாங்கி ஆளேற்றினால் அது வாடகைத் தொழில். நண்பர்களிடம் பெட்ரோல் காசு பங்கு வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று என்னிடம் மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், என் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.