கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம்தான்; அடுத்த சீட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்

30 வயது முடிந்த பெண்களுக்கு, 65 வயது வரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மார்பகத்தையும் வாயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இது வருகிறது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதற்கு வருமான வரம்பு கிடையாது. காப்பீட்டு அட்டை வேண்டாம். கணவர் கையெழுத்து வேண்டாம். "கார்டு எடுத்துட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், பரிசோதனைக்குக் கார்டு எதற்கு என்று அங்கேயே கேளுங்கள். அந்தக் கார்டு பெரிய சிகிச்சைக்கானது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரை வாசலோடு அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

மாதவிலக்கு நாட்களில் பரிசோதனை எடுக்க மாட்டார்கள், நாள் கணக்குப் பார்த்துப் போங்கள். இந்தப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ் அன்று டியூட்டியில் இருக்கிறாரா என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். பரிசோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ்.

பெண்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். பாசிட்டிவ் என்றதும் பயந்து, வீட்டில் சொல்லாமல், அடுத்த ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், அம்பிளிக்கையில் உள்ள ஒரு மருத்துவ மையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து இதே பரிசோதனையை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கின. 31,343 பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது. நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பாசிட்டிவ் வந்தது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது.

அந்த ஆய்வில் பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு அந்த ஒரே வருகையில் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பது), பயாப்சி (சிறு சதைத் துணுக்கு எடுத்து லேபில் பார்ப்பது), பொருத்தமானவர்களுக்கு மாற்றம் கண்ட இடத்தைக் குளிரால் உறையவைக்கும் சிகிச்சை வரை முடித்துவிட்டார்கள். அப்படியும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தவர்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்தார்கள். ஒரே நடையில் முடித்தும் இந்தக் கதி என்றால், நாலு நடை நடக்க வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

நான் கூட்டிப்போன ஓர் அக்கா செங்கல் சூளை வேலைக்காரர். துணிக்கடைப் பைக்குள் நாலு ஓ.பி. சீட்டுகள், நாலிலும் வேறு வேறு தேதி. முதல் நடையில் டாக்டர் லீவு. இரண்டாவதில் கருவி ரிப்பேர். மூன்றாவதில் பயாப்சி எடுத்தார்கள். நாலாவது நடையில் ரிசல்ட் வாங்கப் போனால், லேப் எண் எழுதிய துண்டுச் சீட்டு இல்லாததால் தேட முடியாது என்றார்கள். அந்தத் துண்டுச் சீட்டை அவரிடம் யாரும் கொடுக்கவே இல்லை.

அதனால், பாசிட்டிவ் என்று சொன்னால் ரெஃபரல் சீட்டு, அதாவது அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு, கையில் வராமல் எழுந்திருக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். பயாப்சி எடுத்தால் லேப் எண்ணைக் கேட்டு வாங்கி, போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "ரிசல்ட் வந்தா கூப்பிடுவோம்" என்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், தேதி கேளுங்கள்.

புற்றுநோய் என்று உறுதியானால் அரசு மருத்துவமனையில் கார்டு இல்லாமலும் சிகிச்சை உண்டு. தனியார் மருத்துவமனை என்றால்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை முக்கியம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாவிட்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பிறந்த வீட்டுக் கார்டில் பெயரை நீக்கி, புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்காமலே வருடக்கணக்கில் இருக்கும் மருமகள்கள் ஏராளம். நோய் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே சரி பாருங்கள்.

தனியாரில் சேரும் முன், அந்த மருத்துவமனை புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993-இல் கேளுங்கள். திட்டத்தில் இருக்கிறது என்றாலும் எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. காப்பீட்டு ஒப்புதல் வரும் முன் கைக்காசு போட்டுவிட்டு, பிறகு திரும்ப வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தாலோ முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தப் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது. நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போய், ரத்தம் படுகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.