கிதார் ஜாக் ஏன் கரகரக்கிறது?

கழுத்துக்கு மரம் தேட இரண்டு மாதம், கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் கம்பிகள் அடிக்க ஒரு வாரம், பெயின்ட் மூன்று கோட். வீட்டில் நான் செய்த முதல் எலெக்ட்ரிக் கிதாரில், கேபிள் செருகும் ஜாக்குக்கு ஒதுக்கியது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ரெசிஸ்டர் வாங்கப் போன இடத்தில் ஒரு டப்பா நிறைய ஜாக் கிடந்தது. இருப்பதிலேயே விலை குறைந்த கறுப்பு பிளாஸ்டிக் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரமே கிதார் கரகரக்க ஆரம்பித்தது. கேபிளை இப்படித் திருப்பினால் சத்தம் வரும், அப்படித் திருப்பினால் போய்விடும். ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், வால்யூம் குமிழுக்குள் கிளீனர் அடித்தேன். ஜாக்மேல் சந்தேகமே வரவில்லை. அது வெறும் ஓட்டைதானே என்ற நினைப்பு.

அந்த ஓட்டை வழியாக என்ன போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவே கனமுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். சாதாரணமாக வாசிக்கும்போது வெளியே வருவது சுமார் 100 மில்லிவோல்ட், ஓங்கி அடித்தால் அதைப்போல் சில மடங்கு. எதிரே இருக்கும் ஆம்பின் உள்ளீட்டு மின்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம். 100 மில்லிவோல்ட்டை 1 மெகா ஓமால் வகுத்தால் 0.1 மைக்ரோ ஆம்பியர். ஜாக் வழியாக ஓடுவது அவ்வளவுதான்.

வீட்டு ஃபேன் சுவிட்சோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுவிட்சின் உள்ளே உலோகத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருந்தாலும் 230 வோல்ட் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். போடும்போதும் அணைக்கும்போதும் வரும் சின்னப் பொறி அழுக்கையும் எரித்துவிடும். கிதார் சிக்னலுக்கு அந்த வலு கிடையாது. வியர்வை உப்போ, தூசியோ, ஆக்சைடோ மெலிதாகப் படிந்தாலும் 100 மில்லிவோல்ட் அதன் முன்னால் நின்றுவிடும். இந்த மாதிரிச் சுற்றுகளை மின்பொறியாளர்கள் உலர் சுற்று என்பார்கள். அங்கே மின்சாரத்தால் முடியாத துப்புரவு வேலையை ஸ்பிரிங்தான் செய்தாக வேண்டும். பிளக் உள்ளே நுழையும்போது உலோகமும் உலோகமும் உரசிப் படலத்தைச் சுரண்ட வேண்டும், நுழைந்த பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஜாக் வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது அந்த அழுத்தத்துக்குத்தான்.

இந்த வடிவம் கிதாருக்காகப் பிறந்ததல்ல. 1870-களின் கடைசியில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ஆபரேட்டர்கள் ஒரு வீட்டின் இணைப்பை இன்னொரு வீட்டோடு கைகளாலேயே மாற்றிச் செருகினார்கள். அந்தப் பலகைகளுக்காக வந்ததுதான் கால் அங்குல, அதாவது 6.35 மி.மீ. பிளக். நாளெல்லாம் செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது அன்றைய தேவை. பிளக்கின் முனையில் உருண்டையான தலை, அதற்குப் பின்னால் ஒடுங்கிய கழுத்து. ஜாக்கின் வளைந்த ஸ்பிரிங் தலையைத் தாண்டி அந்தக் கழுத்தில் போய் உட்காரும்போது 'டக்' என்று கேட்கும். சிக்னல் முனை வழியாகப் போகிறது, மீதி உடல் முழுக்க எர்த். அந்த 'டக்' மழுங்கிப்போன ஜாக்கை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

சந்தையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது எல்லாம் வெளியே தெரியும் திறந்த ஜாக். தடித்த உலோகப் பட்டையே ஸ்பிரிங், தளர்ந்தால் விரலாலேயே கொஞ்சம் உள்நோக்கி வளைத்துவிடலாம், அழுக்கைத் துடைக்கலாம். இரண்டாவது நான் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி வகை. சர்க்யூட் போர்டில் உட்காரச் செய்த பொருள் அது, உள்ளே இருப்பது மெல்லிய தகடு. மூன்றாவது நீளமான உலோகக் குழாய் வகை. பார்க்க அழகு, 12.7 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் தனியாகத் தட்டு கூட வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் குழாய்க்குள் ஒளிந்திருப்பதால் தளர்ந்தால் வளைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். என் ஓட்டு திறந்த ஜாக்குக்கே. தங்க முலாமுக்குக் கூடுதல் காசு தேவையில்லை, நல்ல அழுத்தமுள்ள நிக்கலே போதும்.

பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் போடுகிறவர்களுக்கு மட்டும், முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் கூடுதலாக ஒரு வளையத் தொடர்புள்ள ஸ்டீரியோ ஜாக் வேண்டும். சத்தம் இரண்டாகப் பிரிய அல்ல, 9 வோல்ட் பேட்டரிக்காக. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை நடு வளையத்தின் காலில் (ஒயர் பற்றவைக்கும் தகட்டு நுனியில்) பற்றவைப்பார்கள். நடு வளையம் இல்லாத சாதாரண மோனோ பிளக்கைச் செருகினால் அதன் நீண்ட உடல் நடு வளையத்தையும் எர்த்தையும் ஒன்றாக்கிவிடும், சுற்று முழுமையாகும். பிளக்கை உருவினால் பேட்டரி அணையும். தனி சுவிட்சே இல்லாமல் பிளக்கையே சுவிட்சாக்கிய இந்தத் தந்திரத்தை யோசித்தவர் கையில் முத்தம் கொடுக்கலாம். வாசித்து முடித்து கேபிளைக் கழற்றாமல் தூங்கப் போனால் மட்டும் காலையில் பேட்டரி காலி.

எங்கே வைப்பது என்பதும் விசையைப் பற்றிய கேள்விதான். நேரான பிளக் உடலுக்கு வெளியே சில சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், நல்ல நெம்புகோல். 1952-ல் வந்த கிப்சன் லெஸ் பாலில் ஜாக் கீழ் விளிம்பில் இருக்கும். கேபிளை யாராவது மிதித்தால் இழுவை முழுக்கத் தட்டின்மேலும் மரத்தின்மேலும் விழும். 1954-ன் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஜாக், முன்புறம் படகு போலக் குழிந்த உலோகத் தட்டில் சாய்வாக உட்கார்ந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் மரம் பிழைக்கும், பிளக் கழன்று வரும். ஃபெண்டரின் இன்னொரு கிதாரான டெலிகாஸ்டரில் விளிம்பிலேயே ஒரு கிண்ணம். அதைப் பிடித்திருக்கும் உள் கிளிப் நாளடைவில் தளரும் என்பது பழைய புகார். அதனால் வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, விளிம்பில் ஓட்டை, மேலே திருகு போட்ட உலோகத் தட்டு, அதில் திறந்த ஜாக். எந்த ஜாக்காக இருந்தாலும் கேபிளைத் தோள் பட்டையின் உள்பக்கமாக ஒரு சுற்று விட்டுச் செருகினால் மிதிபடும் இழுவை ஜாக்குக்குப் போகாது.

தட்டு எதற்கு என்றால், திறந்த ஜாக்கின் மரை மிகக் குட்டையானது, கனமான மரத்தைத் தாண்டி நட்டுக்கு எட்டாது. தட்டுக்குப் பின்னால் ஜாக் உட்கார 22 மி.மீ. குழி போதும். வளைந்த விளிம்பில் ட்ரில் வழுக்கும். முதலில் மெல்லிய பிட்டால் வழிகாட்டி ஓட்டை போட்டு, பெரிய பிட்டைக் கொஞ்ச நேரம் பின்னோக்கிச் சுழல விட்டால் பெயின்ட் சில்லாகப் பெயராமல் வட்டமாக வெட்டுப்படும். தட்டுக்கும் ஜாக்குக்கும் நடுவில் பல்லுள்ள வாஷர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் நட்டு தளரும், ஒவ்வொரு முறை செருகும்போதும் ஜாக் சுழலும், உள்ளே ஒயர் முறுக்கி ஒருநாள் அறுந்துபோகும். நட்டை முறுக்கும்போதும் ஜாக்கைப் பின்னாலிருந்து கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், எந்தக் கால் எதற்கு என்பது. வளைந்த ஸ்பிரிங்கோடு சேர்ந்த கால் சிக்னல், துளையைச் சுற்றிய உலோகத்தோடு சேர்ந்தது எர்த். மாற்றிப் போட்டால் தந்தி, தந்திகள் உட்காரும் பிரிட்ஜ், உங்கள் உடம்பு எல்லாம் ஆம்பின் சிக்னல் பக்கம் போய்ச் சேரும். சுவரிலிருக்கும் ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் முழுவதையும் உங்கள் உடம்பே ஆன்டெனாவாகப் பிடித்து 'ம்ம்ம்' என்று முழங்கும்.

இரண்டாவது ஜாக்கை இத்தனையும் பார்த்துத்தான் போட்டேன். இரைச்சலைத் தடுக்கக் குழிக்குள் எர்த்தோடு சேர்த்த செம்புத் தாளும் ஒட்டினேன். மல்டிமீட்டர் வைத்தேன், முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஏழு கிலோ ஓம் சொச்சம். பிக்கப் சரியாகத் தெரிகிறது, எல்லாம் கச்சிதம். கேபிளைச் செருகினேன், ஆம்பில் மூச்சில்லை. கழற்றி அளந்தால் மறுபடி ஏழு கிலோ ஓம். அரை நாள் போனது. கடைசியில் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளக்கை மெதுவாக உள்ளே விட்டேன். பிளக்கின் தலை தாண்டும்போது ஸ்பிரிங் இரண்டு மூன்று மி.மீ. வெளிப்பக்கம் விரிந்தது, உட்கார்ந்த பிறகும் அப்படியே நின்றது. குழிக்குள் அந்த இடத்தில் இருந்தது செம்புத் தாள். அதாவது செருகினால் மட்டும் சிக்னல் எர்த்தில் முட்டும், எடுத்தால் விலகிவிடும். மீட்டர் வைத்தபோதெல்லாம் ஜாக்கில் பிளக் இல்லை. ஜாக்கை அரைச் சுற்றுத் திருப்பி ஸ்பிரிங் கிதாரின் உள்பக்கம் பார்க்கும்படி வைத்து, அந்தச் சுவரில் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். இந்த முறை கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் மீட்டரை வைத்து அளந்தேன்.

ஏழு கிலோ ஓம். ஆம்பைப் போட்டு, பிளக்கை விரலால் இரண்டு பக்கமும் உருட்டிப் பார்த்தேன். கரகரப்பு இல்லை. அப்போதுதான் ஆறாவது தந்தி சுருதி இறங்கிக் கிடப்பது காதில் விழுந்தது.