நாற்றங்கால் இணையதளமும் நிறம் மாறாத பொத்தானும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள சந்தூரில் மா ஒட்டுக்கன்று வளர்க்கும் நாற்றங்கால்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை நடத்தும் என் தாய்மாமா, கன்றுகளின் ரகமும் விலையும் தெரியும்படி ஒரு சிறிய இணையதளம் வைத்திருக்கிறார். ஆயத்தமாகக் கிடைத்த ஒரு வார்ப்புருவின் மேல் கட்டப்பட்ட தளம் அது. அதன் தலைப்பகுதியில் 'கன்று வேண்டும்' என்ற பொத்தான் நீல நிறத்தில் இருந்தது. "மாந்தோப்புக்காரனுக்கு நீலம் எதுக்குப்பா, மாவிலைப் பச்சையா மாத்திக் குடு" என்று மாமா கேட்டார். தளத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் சிஎஸ்எஸ் கோப்பின் கடைசி வரியாகப் பச்சை நிறத்துக்கான விதியை எழுதிச் சேமித்தேன். பக்கத்தை மறுபடி திறந்தபோதும் பொத்தான் நீலமாகவே இருந்தது. உலாவி பழைய கோப்பையே சேமித்து வைத்துக் காட்டுகிறதோ என்று ஐயுற்று, அந்தச் சேமிப்பை அழித்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நீலம்தான். ஏன் நீலம் என்ற கேள்விக்கு விடை தேடினால், சிஎஸ்எஸ் இயங்கும் முறையில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஓர் இணையப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்கிறது: இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது பொத்தான். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் என்ற தனி மொழி சொல்கிறது. நாற்றங்காலில் ஒரு நாட்டு மாங்கன்றின் தண்டில் பெங்களூராக் குச்சியை ஒட்டினால் பெங்களூராவும், செந்தூராக் குச்சியை ஒட்டினால் செந்தூராவும் காய்ப்பதைப் போல, ஒரே எச்டிஎம்எல் பக்கத்தோடு வெவ்வேறு பாணித்தாளை, அதாவது சிஎஸ்எஸ் விதிகளின் தொகுப்பை, இணைத்தால் வெவ்வேறு தோற்றம் கிடைக்கும். ஒட்டிய குச்சியைப் பிறகு கழற்ற முடியாது. பாணித்தாளையோ எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். இந்தப் பிரிவினையை முன்வைத்து, வையவிரிவலை பிறந்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபர் 10 அன்று ஒரு முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் போஸ் அவரோடு இணைந்து உழைத்தார். 1996 டிசம்பர் 17 அன்று சிஎஸ்எஸ் முதல் நிலை, இணையத் தரங்களை வகுக்கும் வையவிரிவலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

சிஎஸ்எஸ் விதி ஒன்றுக்கு இரண்டு பகுதிகள். எதைக் குறித்த விதி என்று சொல்வது தேர்வி; அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை பண்பும் அதன் மதிப்பும். 'விலை என்ற வகுப்பைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் எழுத்தின் நிறம் பச்சை' என்பது ஒரு விதி. வகுப்பு என்பது, ஒரே தோற்றம் வேண்டியவற்றுக்கு எச்டிஎம்எல்லில் நாம் வைக்கும் பொதுப்பெயர். இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. நிறம், அகலம் போன்ற பண்புகளின் பெயர்கள் மொழியிலேயே வரையறுக்கப்பட்டவை என்பதால் அவற்றை மாற்ற முடியாது. ஆனால் வகுப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். 'விலை', 'ரகம்', 'கன்று' என்று வகுப்புக்குப் பெயர் வைத்தால் உலாவி தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது.

சிஎஸ்எஸ் என்ற பெயரின் முதல் எழுத்து 'கேஸ்கேடிங்' என்ற சொல்லைக் குறிக்கிறது. படிப்படியாக விழும் அருவி என்பது அதன் பொருள். ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் உடனே பிடிபடும். ஒரு பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகளும் பல இடங்களிலிருந்து வந்து விழுகின்றன: உலாவி தனக்குள்ளேயே வைத்திருக்கும் பாணித்தாள், படிப்பவர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட அமைப்புகள், தளத்தை உருவாக்கியவர் எழுதியவை. ஆனால் அருவியில் எல்லாக் கிளைகளின் நீரும் கலந்துவிடும். சிஎஸ்எஸ்ஸில் கலப்பு கிடையாது. ஒரு பொருளின் ஒரு பண்புக்கு ஒரே ஒரு மதிப்புதான் வெல்லும். 1994 முன்மொழிவில் கலப்புக்கும் இடம் இருந்தது என்பது சுவையான செய்தி: ஒரு விதிக்கு எத்தனை சதவீதச் செல்வாக்கு வேண்டும் என்று எழுதுபவரே குறிப்பிடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்த யோசனை பின்னர் கைவிடப்பட்டது. எழுதுபவர், படிப்பவர் இருவரின் விருப்பத்துக்கும் இடம் வேண்டும் என்ற அடிப்படை எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. அதை இந்த மொழியின் மிக உயர்ந்த பண்பாக நான் கருதுகிறேன்.

இரண்டு விதிகள் மோதும்போது உலாவி முதலில் அவை எங்கிருந்து வந்தன என்று பார்க்கிறது. வழக்கமாகத் தளத்தை எழுதியவரின் விதி படிப்பவரின் விதியை வெல்லும். இரண்டும் தளத்தை எழுதியவரின் விதிகளே என்றால், எந்த விதியின் தேர்வி கூடுதல் குறிப்பானது என்று எண்ணுகிறது. அதிலும் சமம் என்றால்தான், பிற்பாடு எழுதப்பட்ட விதி வெல்கிறது. நானோ கடைசியில் சரிபார்க்கப்படும் வரிசையையே முதல் சட்டம் என்று எண்ணிக் கோப்பின் அடியில் போய் எழுதியிருந்தேன். குறிப்புத்தன்மையை உலாவி மூன்று கட்டங்களில் எண்ணுகிறது: தனி அடையாளங்கள் (பக்கத்தில் ஒரே ஒன்றுக்கு மட்டும் வைக்கும் பெயர்கள்) எத்தனை, வகுப்புகள் எத்தனை, வெறும் உறுப்புப் பெயர்கள் (பத்தி, படம் போன்றவை) எத்தனை. என் விதி 'பொத்தான்' என்ற ஒரு வகுப்பை மட்டும் குறிப்பிட்டது; ஆகவே அதன் கணக்கு 0, 1, 0. வார்ப்புருவின் விதியோ 'தலைப்பகுதி என்ற வகுப்புக்குள் இருக்கும் பொத்தான் என்ற வகுப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கணக்கு 0, 2, 0. எனவே முன்னால் எழுதப்பட்டிருந்தும் அதுவே வென்றது. இந்த மூன்று எண்களையும் கூட்டிப் பார்க்கக் கூடாது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட வேண்டும். பத்து உறுப்புப் பெயர்களை அடுக்கி எழுதினாலும் அது ஒரே ஒரு வகுப்பை வெல்லாது.

என் தேர்வியிலும் தலைப்பகுதியின் வகுப்பைச் சேர்த்தேன். இப்போது இரண்டும் 0, 2, 0, பின்னால் எழுதப்பட்டது என்னுடையது, பொத்தான் பச்சையாயிற்று. இதை ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. கணினியில் பொத்தானின் மேல் வலப்பக்கம் சொடுக்கி, ஆராயும் வசதியைத் திறந்தால், அந்தப் பொத்தானுக்கு வந்து சேர்ந்த விதிகளை உலாவி வரிசையாகக் காட்டுகிறது. தோற்றவற்றின் மேல் கோடு அடித்தும் வைக்கிறது. தளத்தைத் தாமே கவனித்துக்கொள்ளும் எந்தச் சிறுவணிகரும் முதலில் பழக வேண்டிய கருவி இதுதான். இதை அறியாதவர்கள் 'இது முக்கியம்' என்று முத்திரை குத்தும் சொல்லை விதியின் இறுதியில் சேர்த்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு வேலை நடந்துவிடும். ஆனால் நாளை அதை மாற்ற இன்னொரு முத்திரை வேண்டும், அதற்கு மேல் மற்றொன்று வேண்டும். உண்மையில் அந்த முத்திரையின் சிறப்பு வேறு இடத்தில் உள்ளது. முத்திரையிட்ட விதிகளுக்குள் மோதல் வந்தால் வரிசை தலைகீழாகி, தளத்தை எழுதியவரின் விதியைப் படிப்பவரின் விதி வென்றுவிடும். பார்வை மங்கியவர் தமக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்று முத்திரையிட்டு எழுதிவைத்தால், எந்தத் தளமும் அதை மீற முடியாது.

நிறம் மாறியவுடன் மாமாவுக்கு அடுத்த ஆசை பிறந்தது: விலைப் பட்டையை மாம்பழ மஞ்சளாக்கி, அதன் மேல் வெள்ளை எழுத்து. இங்கே கண்ணின் இயல்பைப் பேசியாக வேண்டும். திரையில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகள்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பழுத்த மாம்பழத்தின் மஞ்சளை 255, 179, 0 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஒளிகளையும் கண் சமமாக உணர்வதில்லை. வெள்ளையின் பிரகாசத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் பச்சையிலிருந்தும், 21 சதவீதம் சிவப்பிலிருந்தும், 7 சதவீதம் மட்டும் நீலத்திலிருந்தும் வருகிறது. அதனால்தான் சிவப்பும் பச்சையும் நிறைந்த மஞ்சள் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைக்கு மிக அருகில் போய்விடுவதும் அதனால்தான். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் கணக்குப்படி இந்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள பிரகாச வேறுபாட்டு விகிதம் சுமார் 1.8; வேறுபாடே இல்லையென்றால் அது 1. சாதாரண அளவு எழுத்துக்கு அந்த வழிகாட்டுதல்கள் கேட்பது 4.5. அதே மஞ்சளின் மேல் கருப்பு எழுத்து வைத்தால் விகிதம் 11.7 ஆகிறது.

நாற்றங்காலுக்கு வருபவர்கள் வெயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் விலை பார்ப்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது. திரையில் பட்டுத் திரும்பும் வெயில், எழுத்தின் ஒளியோடும் பின்னணியின் ஒளியோடும் ஒரே அளவில் சேர்கிறது. இரண்டு எண்களோடு ஒரே தொகையைக் கூட்டினால் அவற்றின் விகிதம் 1-ஐ நோக்கி இறங்கும் என்பது பள்ளிக் கணக்கு. வீட்டுக்குள் தடுமாறிப் படிக்க முடிந்த வெள்ளை எழுத்து, கன்று மேடையின் அருகே அறவே மறைந்துபோவது இதனால்தான். விலைப் பட்டை மஞ்சளாகவே இருக்கிறது; எழுத்து மட்டும் கருப்பு. பொத்தானுக்கு நான் எடுத்த மாவிலைப் பச்சை 20, 83, 45. அதன் மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் சுமார் 9.1.

தமிழ் எழுத்துக்கென்று தனிக் கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. பெரும்பாலான வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. 'கீ', 'மீ' ஆகியவற்றின் சுழி மேலே ஏறும். 'கூ', 'ழு' ஆகியவற்றின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்கு நெருக்கடியாகிவிடுகிறது. எழுத்தின் அளவைப் போல் 1.7 மடங்கு வைத்தால்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது. எழுத்துருப் பட்டியலைப் பொறுத்தவரை, உலாவி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, அந்த எழுத்து பட்டியலில் உள்ள எந்த எழுத்துருவில் முதலில் கிடைக்கிறதோ அதை எடுக்கிறது. பட்டியலில் ஆங்கில எழுத்துரு மட்டும் இருந்தால் விலை எண்கள் அதிலிருந்தும், தமிழ்ச் சொற்கள் அந்தக் கருவியில் அகப்பட்ட ஏதோ ஒன்றிலிருந்தும் வரும். இரண்டும் ஒட்டாமல் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்று இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருவைப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்ப்பதும் நல்லது. சாய்வுக்கென்று வரையப்பட்ட வடிவம் எழுத்துருவில் இல்லாதபோது உலாவி நேர் எழுத்தையே இழுத்துச் சாய்த்துக் காட்டிவிடுகிறது.

அடுத்தது அகலம். சிஎஸ்எஸ்ஸின் கண்ணில் பக்கத்திலுள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி: நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றி உள்ளோரம், பிறகு கரைக்கோடு, வெளியே வெளியோரம். அகலம் என்று நாம் எழுதும் எண், இயல்பாக உள்ளடக்கத்தை மட்டுமே குறிக்கும். 360 அலகு (சிஎஸ்எஸ் பிக்சல்) அகலமுள்ள கைப்பேசியில் இரண்டு ரகங்களை அருகருகே வைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பாதி அகலம், அதாவது 180 கொடுத்து, இருபுறமும் 12 அலகு உள்ளோரமும் 1 அலகு கரைக்கோடும் சேர்த்தால், ஒவ்வொரு பெட்டியும் 206 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்தால் 412. நீலம் ரகத்தின் பெட்டி பெங்களூராவின் பக்கத்தில் அமர இடமில்லாமல் போவது இப்படித்தான். கரைக்கோடு வரைக்கும் அகலத்திலேயே அடக்கு என்று பெட்டி அளவுப் பண்புக்கு ஒரு வரி எழுதினால் இது தீரும்.

இந்த அலகு திரையின் உண்மையான ஒளிப்புள்ளி அன்று. 1080 புள்ளி அகலமுள்ள பல கைப்பேசிகள் தம்மை 360 அலகு என்றே சொல்லிக்கொள்கின்றன. ஓர் அலகுச் சதுரத்துக்குள் ஒன்பது புள்ளிகள். கைப்பேசியின் அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள் என்று எச்டிஎம்எல்லின் தலையில் ஒரு வரி இல்லாவிட்டால், கைப்பேசி உலாவிகள் பக்கத்தைச் சுமார் 980 அலகு அகலமுள்ள கணினிப் பக்கமாக எண்ணி, வரைந்து, சுருக்கிக் காட்டும். எறும்பளவு எழுத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. 2017 முதல் முன்னணி உலாவிகள் ஏற்றுக்கொண்ட கட்ட அமைப்பில் (கிரிட்), 'ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 160, இடைவெளி 12, எத்தனை கொள்ளுமோ அத்தனை வை' என்று ஒரே விதி எழுதலாம். 360-இல் இரண்டு பெட்டிகளும் 1200-இல் ஏழு பெட்டிகளும் தாமாகவே அமைகின்றன. வகுத்துப் பார்ப்பதை உலாவியே செய்துகொள்கிறது.

கடைசியாக, நிறங்களைக் கோப்பெங்கும் இறைக்காமல் பக்கத்தின் வேரில் 'மாவிலை' என்று தமிழிலேயே ஒரு மாறி, அதாவது ஒரு மதிப்பைக் குறிக்கும் பெயர், அமைத்து, பொத்தான், தலைப்பு, கோடு எல்லாவற்றையும் அந்தப் பெயரையே கேட்கச் செய்தேன். இந்த மாறிகள் மரபுரிமையாக உள்ளே இறங்குபவை. பெற்றோர் பெட்டியின் மதிப்பைப் பிள்ளைப் பெட்டிகள் ஏற்கும். ஆகவே செந்தூராவின் விவரம் உள்ள பகுதியில் மட்டும் 'மாவிலை' என்பதன் மதிப்பை 178, 34, 34 என்று மாற்றியதும், அந்தப் பகுதியின் பொத்தானும் கோடும் செந்தூராவின் தோல் போலச் சிவந்தன. மற்ற இடங்கள் பச்சையாகவே இருந்தன. வெள்ளை எழுத்தோடு அந்தச் சிவப்பின் விகிதம் சுமார் 6.7 வந்தது, மாமாவின் கைப்பேசியில், கன்று மேடையின் அருகே, நண்பகல் வெயிலில் நின்று படித்துப் பார்த்தோம், தெரிந்தது.